ஷட்டர் போட்ட குளம்

என் வீட்டுக் குளம் என்னை உள்ளே விடவில்லை. நடந்தது அவ்வளவுதான். பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்து மாசி முழுக்க விடவில்லை.

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

கையில் என்ன, வழவழ காகிதமா? தெரியும். நீலத் தண்ணீர், ஓரத்தில் சிரிக்கிற குடும்பம். எனக்கும் குளத்துக் கம்பெனிக்காரன் இதே காகிதம்தான் கொடுத்தான். இந்தக் குடும்பம் எந்த ஊர் என்று கேட்டேன். விலையைச் சொன்னான்.

கம்பெனிக்காரன் அனுப்பினானா? 'சென்னியப்பன் சார் வீட்டுல போட்டிருக்குதுங்க, போய்ப் பாருங்க' என்றானா? என்னைக் கேட்காமலே என் விலாசத்தைக் கொடுக்கிறான். சரி, வந்துவிட்டீர்கள். புது வீடு கட்டுகிறீர்கள், குளம் தோண்டிவிட்டீர்கள். குளத்துக்கு ஆட்டோமேஷன் போடலாமா வேண்டாமா, அதுதானே கேள்வி? சொல்கிறேன். நடுவில் பேசாதீர்கள். கோர்வை போய்விடும்.

ஏ புள்ளே! காப்பி ரெண்டு!

வரும். உள்ளே கிரைண்டர் ஓடுகிறது, மெதுவாகத்தான் வரும்.

நான் மோட்டார்க்காரன். கணபதியில் பட்டறை வைத்திருந்தேன். பம்புசெட், கிரைண்டர் மோட்டார். இந்தச் சுற்று வட்டாரத்தில் என் மோட்டார் தண்ணீர் ஏற்றாத தோட்டம் கம்மி. இப்போது ஓடுகிறதே, அந்தக் கிரைண்டர் மோட்டாரும் என் கையால் செப்புக் கம்பிக் காயில் சுற்றியதுதான். இன்னும் நின்றதில்லை.

மோட்டார் நிற்கவில்லை. எனக்கு முட்டி நின்றுவிட்டது. டாக்டர் ஆபரேஷன் என்றார். முடியாது என்றேன். அப்படியானால் தினமும் தண்ணீருக்குள் நடங்கள் என்றார். உக்கடம் பெரிய குளத்திலா போய் நடப்பது? அதனால்தான் வீட்டுக்குப் பின்னால் தோண்டினேன். சின்னக் குளம். ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் என் தலை மறையும்.

தரையில் நான் கிழவன். ஒரு படி இறங்க எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் வேண்டாம். கழுத்துவரை தண்ணீர் வந்துவிட்டால் எனக்கு முட்டி என்று ஒன்று கிடையாது. உங்களுக்குப் புரியாது. உங்களுக்கு முட்டி இருக்கிறது.

தினமும் பம்ப் குழிக்குள் நானே இறங்குவேன். வால்வைத் திருப்புவேன், ஃபில்டரைக் கழுவுவேன், குளோரின் போடுவேன். கார்த்திகை மழையில் அந்தக் குழிப் படியில் வழுக்கியது. ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது, அவ்வளவுதான். இவள் வந்து எட்டிப் பார்த்தாள். இவள் என்றால் என் வீட்டுக்காரி. பார்த்ததும் என்னைத் தூக்கினாளா? தூக்கினாள். தூக்கிவிட்டு உடனே பெங்களூருக்குப் போன் போட்டாள். அங்கே என் மகள் ஹேமா இருக்கிறாள். அதுதான் முதல் துரோகம். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வாரக் கடைசியில் ஹேமா வந்து நின்றாள். பின்னாலேயே கம்பெனிக்காரன், இந்தக் காகிதத்தோடு.

"அப்பா, நீங்க குழிக்குள்ளயே இறங்க வேண்டாம். பம்ப் தானா ஓடும், தானா நிக்கும். குளோரின் தானா விழும். எல்லாம் போன்லயே பாத்துக்கலாம்."

"அப்பறம் நான் எதுக்கு?"

"நீங்க குளிக்கறதுக்கு."

கம்பெனிக்காரனைக் கேட்டேன். "கரண்ட் போனா?" பேட்டரி இருக்கிறது என்றான். "நெட் போனா?" கடைசியாகச் சொன்னதை ஞாபகம் வைத்து ஓட்டும் என்றான். "நீ போனா?"

"சார்?"

"உன் கம்பெனியை மூடிட்டு நீ போயிட்டா? இந்த வால்வைத் திருப்ப நான் யாரு கால்ல விழறது?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

யோசித்தேன் தம்பி. நன்றாகத்தான் யோசித்தேன். புதுசைக் கண்டு பயப்படுகிறவன் இல்லை நான். எங்கள் தெருவிலேயே முதலில் காயில் சுற்றுகிற மிஷின் வாங்கியவன் நான். முன்வீட்டுக்காரர் குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருந்தார். ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போனான், வரவில்லை, குளம் பாசி பிடித்துக் கீரைக் குழம்பு மாதிரி ஆனது. அதையும் பார்த்தேன். என் முட்டியையும் பார்த்தேன். குழிக்குள் இறங்க முடியாத நாள் வரும் என்று எனக்கும் தெரியும், ஹேமா சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. என் கணக்கு ஒன்றுதான். மிஷின் எனக்கு வேலைக்காரனா, நான் மிஷினுக்கு வேலைக்காரனா? கையால் ஓட்ட ஒரு வழி இருந்தால் அது என் வேலைக்காரன். இல்லை என்றால் இல்லை.

இவள் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பி டம்ளரை எடுக்க வந்தவள் ஒன்றே ஒன்று கேட்டாள், அதுவும் என்னிடம் இல்லை, கம்பெனிக்காரனிடம்.

"ஏனுங்க தம்பி, குளத்து மேல மூடறதுக்கு ஏதாச்சும் வருதுங்களா?"

"வருதுங்கம்மா. ஷட்டர். கடை ஷட்டரைப் படுக்க வெச்ச மாதிரி இருக்கும். ஏறி நடந்தாக்கூட ஒண்ணும் ஆகாதுங்க."

"அப்ப அதையும் சேத்திப் போட்டுருங்க."

புங்க மரத்து இலை விழுகிறதே, அந்தக் கவலையில் கேட்கிறாள் என்று நினைத்தேன். கூட்டிப் பெருக்குகிறவளுக்கு இலைதானே கவலை. சரி என்றேன். நிபந்தனை ஒன்று போட்டேன். ஷட்டருக்குக் கையால் சுற்றுகிற ஹேண்டில் ஒன்று வேண்டும். கொடுத்தான். நல்ல இரும்பு. பம்ப் ரூமில் ஆணி அடித்து நானே மாட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். இவளும் பார்த்தாள்.

வேலை செய்ததா என்றால், செய்தது. பொய் சொல்லமாட்டேன். தண்ணீருக்குள் காசு போட்டால் தலையா பூவா என்று மேலே இருந்தே சொல்லலாம், அப்படி இருந்தது. விடிந்தால் ஷட்டர் தானாகச் சுருண்டுகொள்ளும். குளத்தோரச் சுவரில் பேசுகிற டப்பா ஒன்று. அதற்குத் தமிழ் தெரியும். விளக்கைப் போடு என்றால் போடும். மோட்டாரை நிறுத்து என்றால் நிறுத்தும். பேரைச் சொன்னால் போன் போடும். இந்த வீட்டில் என் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்டது அது ஒன்றுதான். அதில்தான் ஏமாந்தேன்.

மார்கழியில் ஒருநாள் தண்ணீரில் தலை சுற்றியது. லேசாக. சுவரைப் பிடித்து நின்றேன். கண் இருட்டியது, அப்புறம் தெளிந்தது. மூக்கில் கொஞ்சம் தண்ணீர் ஏறியது. எல்லோருக்கும் ஏறுவதுதான். நிமிர்ந்து பார்த்தால் சமையலறை ஜன்னலில் இவள். இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் திரும்பி நடக்க ஆரம்பித்தேன்.

பொங்கலுக்கு ஹேமா வந்தாள். அம்மாவும் மகளும் சமையலறையில் குசுகுசு. நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். "கரும்பு இந்த வருசம் நல்லாத் தித்திக்குதுங்க" என்பாள் இவள். ஹேமா போனில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். மாட்டுப்பொங்கல் முடிந்து ஊருக்குக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். ஷட்டர் சுருளவில்லை. "திற" என்றேன் டப்பாவிடம்.

"உடன் இருப்பவர், குளிப்பவரின் பெயரைச் சொல்லி அனுமதிக்க வேண்டும்" என்றது.

அனுமதி. எனக்கு. என் குளத்துக்கு.

கம்பெனிக்காரனைக் கூப்பிட்டேன். "சார், மேடம் செட்டிங்கை மாத்தியிருக்காங்க சார். ஓனர் அவங்கதானுங்களே."

"ஓனர் யாரு?"

"அக்கவுண்ட் அவங்க பேர்ல இருக்குதுங்க சார்."

மண் என்னுது. குழி என்னுது. தண்ணீர் என் போர்வெல் தண்ணீர். ஓனர் பெங்களூரில் இருக்கிறாள்.

ஹேமாவைக் கூப்பிட்டேன். "தனியா இறங்கக் கூடாதுப்பா, அவ்ளோதான். அம்மா பக்கத்துல நின்னுட்டு உங்க பேரைச் சொன்னாப் போதும், தொறந்துக்கும். அம்மா குரலைப் பதிஞ்சு வெச்சிருக்கேன்."

"யாரு, உங்கம்மா? என் பேரை?"

அதை அவள் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாள்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் ஆனதில் இருந்து இவள் என் பேரைச் சொன்னது இல்லை. ரேஷன் கடையில் கேட்டால், "சென்னிமலை ஆண்டவர் பேருங்க" என்பாள். அர்ச்சனைக்கு ஐயர் பேர் கேட்டால் என் மூஞ்சியைப் பார்ப்பாள். என் பேரை நானே சொல்லிக்கொள்வேன். நானும் அவள் பேரைச் சொன்னது கிடையாது. 'ஏ புள்ளே' என்றால் வருவாள். என் போனில்கூட 'வீடு' என்றுதான் போட்டு வைத்திருக்கிறேன்.

கூட்டிக்கொண்டு போய் டப்பா முன்னால் நிறுத்தினேன்.

"சொல்லு."

"எதைங்க?"

"என் பேரை."

"அட, போங்க."

"முட்டி வலிக்குது புள்ளே. சொல்லித் தொலை."

டப்பாவுக்கு நேராகக் குனிந்தாள். "ஏனுங்க, நம்ம ஹேமாவோட அப்பாங்க." டப்பாவுக்கும் மரியாதை.

"பெயர் புரியவில்லை" என்றது.

"சென்னிமலை ஆண்டவரு பேருதானுங்க."

"பெயர் புரியவில்லை."

"அது கேக்க மாட்டீங்குதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். போகிற நடையைப் பார்த்தேன். வருத்தப்படுகிறவள் நடை இல்லை அது.

நேராகப் பம்ப் ரூமுக்குப் போனேன். ஆணி இருந்தது. ஹேண்டில் இல்லை.

"ஹேண்டில் எங்க?"

"எந்த ஹேண்டிலுங்க?"

எந்த ஹேண்டில் என்று கேட்டாளே, அங்கேயே தெரிந்துவிட்டது.

ஏ புள்ளே! காப்பி என்ன ஆச்சு?

காதில் விழாது. அந்த மோட்டார் சத்தம் அப்படி.

அப்புறம் என்ன. தினமும் துண்டோடு போய் ஷட்டர் ஓரத்தில் உட்காருவேன். அடியில் தண்ணீர் சுழல்வது கேட்கும். தண்ணீர் தானாகச் சுத்தமாகிக்கொண்டே இருக்கும், இறங்கத்தான் ஆள் இல்லை. ஒரு காக்கா ஷட்டர் மேல் நடந்து போகும். அதற்கு இருக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. முட்டி வீங்கியது. மாடிக்குப் போவதை விட்டேன். தெருமுனை டீக்கடைக்குப் போவதை விட்டேன். கக்கூசுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். இவள் ராத்திரியும் பகலும் தைலம் தேய்ப்பாள். தேய்க்கட்டும். நான் பேசமாட்டேன். சோறு போடு என்றுகூடக் கேட்கவில்லை. அவளாகப் போட்டாள்.

"ஒருவாட்டி டாக்டர்கிட்டப் போய்ச் சக்கரை பாத்துட்டு வந்தரலாமுங்க. அப்பறம் குளத்தைப் பத்திப் பேசலாமுங்க" என்பாள். சக்கரைக்கும் குளத்துக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாற்றுகிற வித்தை.

எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போ என்று கம்பெனிக்காரனிடம் சொன்னேன். ஓனர் மேடத்தைக் கேட்க வேண்டும் என்றான்.

மாசி கடைசியில் ஒரு நாள் இவள் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் சமையலறையில் வெல்லம் தேடினேன். எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை. டாக்டர் இருக்கிறது என்கிறார், அது வேறு. இவள் வெல்லத்தை ஒளித்து வைப்பாள், நான் கண்டுபிடிப்பேன். எங்களுக்குள் நடக்கிறதுதான். அரிசி டிரம்முக்குள் கையை விட்டேன். வெல்லம் தட்டுப்படவில்லை. இரும்பு தட்டுப்பட்டது.

என் ஹேண்டில். பழைய துணி சுற்றி, அரிசிக்கு அடியில்.

ஹேமா செய்தாள் என்றால் அவள் இன்னொரு வீட்டுக்குப் போனவள். கம்பெனிக்காரன் ஊரான். இவள்? நான் தின்கிற அரிசிக்குள் புதைத்து வைத்துவிட்டு, அதே அரிசியை வடித்து எனக்கே போட்டிருக்கிறாள் தம்பி. மூஞ்சியில் ஒரு மாற்றம் இல்லாமல், ரசம் ஊத்தட்டுங்களா என்று கேட்டுக்கொண்டு. இதற்குத் துரோகம் என்று பேர் இல்லை என்றால் வேறு என்ன பேர்?

ஹேண்டிலை எடுத்து என் மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மறுநாள் அவள் மாவாட்டுகிற நாள். காலையில் கோபத்தில் நான் பலகாரம் சாப்பிடவில்லை. டாக்டர் எழுதின சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டேன். அவள் தட்டோடு பின்னாலேயே வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும் பின்பக்கம் போனேன்.

சுற்றினேன். ஷட்டர் சுருண்டது. "அனுமதி இல்லை, அனுமதி இல்லை" என்று டப்பா கத்தியது. கத்தட்டும். கையால் சுற்றுகிறவனை அது என்ன செய்யும்?

இறங்கினேன். முட்டி காணாமல் போனது.

நடந்தேன். ஆழப் பக்கம் கொஞ்சம் நீந்தினேன். அங்கேதான் தலை சுற்றியது. வேர்த்தது. தண்ணீருக்குள் வேர்க்குமா? வேர்த்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. சுவர் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கைதான் எட்டவில்லை.

"ஏ புள்ளே" என்றேன். கிரைண்டர் ஓடுகிறது. நான் சுற்றிய மோட்டார். நிற்கிற மோட்டாரா அது? "ஏ புள்ளே!"

டப்பாவிடம் சொன்னேன். "வீட்டைக் கூப்பிடு."

"அந்தப் பெயரில் யாரும் இல்லை."

"ஹேமா அம்மாவைக் கூப்பிடு."

ஹேமாவுக்கு மணி அடித்தது. அவள் ஏதோ மீட்டிங்கில் இருந்திருக்கிறாள். எடுக்கவில்லை.

"அவளைக் கூப்பிடுடா!"

"பெயரைச் சொல்லவும்."

வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. துப்பினேன். சொன்னேன்.

என்ன பார்க்கிறீர்கள்? பேரைத்தான் சொன்னேன். கல்யாணப் பத்திரிகையில் படித்த பேர். வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். என்ன பேர் என்று கேட்காதீர்கள், அது உங்களுக்கு எதற்கு? டப்பாவுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. இவள் போனை இடுப்பில் செருகி வைத்திருப்பாள். அதிர்ந்திருக்கிறது. எடுத்துக் காதில் வைத்தால் என் மூச்சுச் சத்தம்.

கிரைண்டர் நின்றது. அது எனக்குக் கேட்டது.

இவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே பயம். பவானி கூடுதுறைக்குப் போனால்கூடச் சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொள்கிறவள். மாவுக் கையோடு ஓடிவந்தாள். இலை வாருகிற வலைக் கம்பு சுவரில் சாத்தியிருக்கும், அதை எடுத்தாள். சேலையோடு படியில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, வலையை என் தலைக்குப் போட்டாள். கெண்டை பிடிக்கிற மாதிரி.

"புடிங்க! கம்பைப் புடிங்க!" என்றாளாம். எனக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் கத்தினாள்.

"சென்னியப்பா! புடிடா!"

'டா' வேறு. தெருவுக்கே கேட்டிருக்கும். "அனுமதிக்கப்பட்டது" என்றது டப்பா.

பிடித்தேன்.

படியில் இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். வந்து என் வாயில் வெல்லத்தைத் திணித்தாள். கண் தெளிந்ததும் நான் முதலில் கேட்டது, வெல்லத்தை எங்கே வைத்திருந்தாய் என்றுதான். சொல்லவில்லை. உட்கார்ந்து அழுதாள். மூஞ்சியெல்லாம் மாவு.

மறுநாளே ஹேமா வந்தாள். குளத்தில் மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்றாள். கம்பெனிக்காரன் இன்னொரு காகிதத்தோடு வந்தான். தண்ணீருக்குள் ஆள் அசையாமல் போனால் அலறுகிற ஏதோ ஒன்று. நான் பேச வாயெடுத்தேன். இவள் கையைக் காட்டினாள். பட்டறையில் ஆட்களை நான் நிறுத்துவேனே, அந்த மாதிரி.

"எதையும் மூட வேண்டாம். புதுசா எதையும் போடவும் வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

இப்போது விடிந்ததும் என் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறாள். இட்லி உள்ளே போனால்தான் குளம். அப்புறம் டப்பா முன்னால் போய் நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதன் காதில் ஓதுகிற மாதிரி என் பேரைச் சொல்கிறாள். ஷட்டர் சுருள்கிறது. நான் நடந்து முடிக்கிற வரைக்கும் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்கிறாள். தோல் பறந்து தண்ணீரில் விழுகிறது. ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் என்றால், "அதுக்குத்தானுங்களே மிஷின் போட்டிருக்குது" என்கிறாள். ஹேண்டில் மறுபடியும் காணோம். அரிசி டிரம்மில் இல்லை. பார்த்துவிட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அரிசிக்குள் வைத்தது அரிசிக்குள் வைத்ததுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பம்ப் நன்றாக ஓடுகிறது. குளோரின் அளவாக விழுகிறது. ஷட்டர் உறுதி. போடுங்கள். போடும்போது ஓனர் யார் என்று முதலில் கேளுங்கள். ஹேண்டிலை ஆணியில் மாட்டாதீர்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என்ன? கடைசியில் இதை யார் சரி பண்ணிக் கொடுத்தது என்றா? இவ்வளவு நேரம் என்ன கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? கம்பெனி இல்லை. ஹேமா இல்லை. அந்த டப்பாவும் இல்லை.

காப்பியே இன்னும் வரவில்லை. ஏ புள்ளே!

கிரைண்டர் ஓடுகிறது. எப்படிக் கேட்கும்.

சரி. நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

கருணாம்பா!